கடைசி சரணத்தில் உதடு ஏன் விலகுகிறது?

கேள்வி: தம்பி எழுதிப் பாடிய நாலு நிமிடப் பாட்டுக்கு நண்பர்களை வைத்து ஃபோனில் வீடியோ எடுத்தேன். எடிட்டிங்கும் இதை வைத்துத்தான் பழகுகிறேன். பல்லவியில் பொருந்துகிற உதடு, கடைசி சரணத்துக்குள் பாட்டை விட்டு விலகிவிடுகிறது. “இலவச சாஃப்ட்வேர் அப்படித்தான், 6,000 ரூபாய் கொடுங்கள், ஃபுல் வெர்ஷன் போட்டுத் தருகிறேன்” என்கிறார் எங்கள் ஊர் எடிட்டிங் சென்டர்காரர். வாங்கலாமா? – வாசகி, விருதுநகர்

பதில்: வேண்டாம் அம்மா. அந்த விலைக்கு அவர் போட்டுத் தருவது பெரும்பாலும் கிராக் காப்பிதான், அதாவது பூட்டை உடைத்த திருட்டுப் பதிப்பு. அதைப் போட வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்வார்கள். பிறகு கணினியில் என்ன நுழையும் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. இப்படி மொத்தப் ப்ராஜெக்டையும் பறிகொடுத்துவிட்டு என்னிடம் வந்து நின்ற பிள்ளைகள் உண்டு. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே உங்கள் வேலைக்கு ஏராளம்.

கோளாறு ஃபோனில் இருக்கிறது. வெளிச்சம் குறைந்தால் ஃபோன் தானாகவே ஃபிரேம் வேகத்தை, அதாவது விநாடிக்கு எடுக்கும் படங்களின் எண்ணிக்கையை, குறைத்துக்கொள்ளும். எடிட்டிங் மென்பொருளோ எல்லா ஃபிரேமும் சம இடைவெளியில் வருவதாக எண்ணித் தடுமாறும். விநாடிக்கு 30 என்றால் நாலு நிமிடத்துக்கு 7,200 ஃபிரேம். அதில் 30 குறைந்தாலே ஒரு விநாடி போயிற்று. மூன்று வருடம் விஸ்காம் படித்து வருகிறவர்களுக்குக்கூட இது தெரிவதில்லை. எந்தப் பட்டன் எங்கே என்று சொல்லிக்கொடுப்பதையே பாடம் என்று நடத்தினால் வேறென்ன ஆகும்?

ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ஒவ்வொரு கிளிப்பையும் போட்டு, ஃபிரேம் ரேட்டை 30 என்றும் (60 ஃபிரேமில் எடுத்த ஸ்லோமோஷன் கிளிப்புக்கு மட்டும் 60) ‘கான்ஸ்டன்ட்’ என்றும் வைத்து மாற்றுங்கள். கிளிப்புகளை ஃபோனிலிருந்து கேபிளில் எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியது வேண்டாம், அது வீடியோவை நசுக்கிவிடும். முழுப் பாட்டையும் ஒரே டேக்காக டைம்லைனில் ஓடவிடாமல் துண்டு துண்டாக வெட்டி, கிளிப்பில் பதிவான பாட்டுச் சத்தத்தின் அலையைப் பார்த்து ஒவ்வொன்றாகப் பொருத்துங்கள்.

ஸ்லோமோஷன் மட்டும் தனிக் கதை. பாட்டைச் சாதாரண வேகத்தில் ஓடவிட்டு எடுத்ததை மெதுவாக்கினால் உதடு ஒருநாளும் சேராது. 60 ஃபிரேமில் எடுக்கும்போது பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட வேண்டும். பாடுகிறவரும் அந்த வேகத்துக்கே வாயசைக்க வேண்டும். அதை 30 ஃபிரேமில் பாதி வேகமாக்கினால், உடல் மிதக்கும், உதடு அசல் பாட்டோடு சேரும். வேகப் பாட்டை முன்கூட்டியே தயாரித்து ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பாட்டில் போய்ச் செய்ய நேரம் இருக்காது. பொருத்தும்போது காதை நம்பாமல் கண்ணை நம்புங்கள். ப, ம இரண்டும் உதடு மூடிப் பிறக்கும் எழுத்துகள். ‘அம்மா’ என்று வரும் இடத்தில் வாய் மூடும் ஃபிரேமைப் பிடித்து, பாட்டின் ‘ம்’மில் வையுங்கள். ஏற்கெனவே சாதாரண வேகப் பாட்டுக்கு எடுத்த ஸ்லோமோஷன் ஷாட் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், வாயசைப்பு இல்லாத இடையிசையில் பயன்படும்.

எடிட் செய்யும்போது ப்ளூடூத் இயர்ஃபோன் மாட்டாதீர்கள். அதில் சத்தம் தாமதமாக வரும். சரியாக இருக்கிற ஷாட்டையும் தப்பென்று நினைத்து நகர்த்திவிடுவீர்கள். வயர் உள்ளதை மாட்டிக்கொண்டு கடைசி சரணத்திலிருந்து தொடங்குங்கள்.