வண்டி வருகிறது என்று சொல்வதற்குமா பேட்டன்ட்?

கேள்வி: பெருங்குடியில் நானும் நண்பர் ஒருவரும் சின்ன மென்பொருள் கம்பெனி நடத்துகிறோம். தண்ணீர் கேன் போடுகிறவர்களுக்காக ஓர் ஆப் எழுதினோம். வண்டி பக்கத்தில் வந்ததும் வீட்டுக்கு மெசேஜ் போகும். இப்போது நியூஜெர்சியில் ஒரு மளிகைக் கடையும் சந்தா கட்டிப் பயன்படுத்துகிறது. போன வாரம் அமெரிக்க வக்கீல் ஒருவரிடமிருந்து மெயில்: இது எங்கள் கட்சிக்காரரின் பேட்டன்ட், உரிமக் கட்டணம் கட்டுங்கள் என்று. ஒரு வரிகூட நாங்கள் காப்பி அடிக்கவில்லை. கட்டிவிடலாமா சார்?

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். அவசரப்பட்டு பதிலும் போடாதீர்கள், அதற்காக மெயிலைக் கண்டுகொள்ளாமலும் விட்டுவிடாதீர்கள். இன்னொன்று, "நாம மாட்டிக்கிட்டோம்டா" என்று நண்பருக்கு வாட்ஸப்பில் எழுதாதீர்கள். வழக்கு என்று வந்தால் அதுவும் சாட்சியாகும். பழைய மெசேஜ்களை அழிப்பதோ அதைவிட மோசம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். காப்பிரைட் என்பது எழுதிய வரிகளுக்கான உரிமை, பேட்டன்ட் என்பது ஒரு வேலையைச் செய்யும் முறைக்கான உரிமை. தமிழில் இரண்டையும் காப்புரிமை என்றே எழுதிவிடுகிறோம், அதனால்தான் "நாங்களே எழுதினோம்" என்பது போதுமான பதிலாகத் தோன்றுகிறது. காப்பிரைட் வழக்கில் அது நல்ல பதில். பேட்டன்ட்டில் செல்லாது. அதைப் பற்றிக் கேள்விப்படாமலே நீங்கள் சொந்தமாக யோசித்து எழுதியிருந்தாலும் மீறல் மீறல்தான், மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது பெரிய அநியாயம் என்பதே என் கருத்து. ஜிஃப் படங்களின் கதையைப் பாருங்கள்: 1984இல் ஒரு பத்திரிகையில் வெளியான, கோப்பின் அளவைச் சுருக்கும் முறையை (எல்இசட்டபிள்யூ) எல்லோரும் நம்பி எடுத்து ஜிஃப்பிலும் பயன்படுத்தினார்கள், அதற்கு யூனிசிஸ் கம்பெனியிடம் பேட்டன்ட் இருப்பதும் கட்டணம் கேட்கப்போவதும் 1994 டிசம்பரில்தான் பரவலாகத் தெரியவந்தது. கொதித்துப்போன புரோகிராமர்கள் கூடி உருவாக்கியதுதான் இன்று நாம் பயன்படுத்தும் பிஎன்ஜி என்ற பட வடிவம்.

உங்கள் விஷயத்துக்கே நெருக்கமான கதையும் உண்டு. பஸ் எப்போது வரும் என்று பயணிக்குச் சொன்னதற்காக, அரைவல்ஸ்டார் என்ற நிறுவனம் அமெரிக்கப் பொதுப் போக்குவரத்து அமைப்புகள் மேலேயே வழக்குப் போட்டது. 2013இல் அவற்றின் சங்கம் எதிர்வழக்குப் போட்ட பிறகுதான் சமரசம் வந்து, சங்க உறுப்பினர்கள் தப்பினார்கள்.

சரி, இப்போது வேலையைத் தொடங்குங்கள். மெயிலில் உள்ள எண்ணை கூகுள் பேட்டன்ட்ஸில் போடுங்கள். எந்த நாட்டுப் பேட்டன்ட், காலாவதி ஆகிவிட்டதா என்று பாருங்கள். பொதுவாக விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருஷம்தான் ஆயுள். அப்புறம் தலைப்பையும் சுருக்கத்தையும் விட்டுவிட்டு நேராகக் கடைசிக்குப் போய் முதல் கிளெய்மைப் படியுங்கள். எதற்கு உரிமை கேட்கிறார்கள் என்று எண் போட்டுச் சொல்லும் வாக்கியம்தான் கிளெய்ம். நான் அதைப் பிரிண்ட் எடுத்து, ஒவ்வொரு அரைப்புள்ளியிலும் பென்சிலால் வெட்டிக்கொள்வேன். உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: வண்டியின் இருப்பிடத்தைப் பெறுவது, வாடிக்கையாளர் முன்பே குறித்துவைத்த தூரத்தோடு ஒப்பிடுவது, தூரம் குறைந்ததும் அவருக்குத் தகவல் அனுப்புவது. மூன்றும் உங்கள் ஆப்பில் இருந்தால்தான் மீறல். தெருமுனையில் டிரைவர் ஒரு பட்டனை அழுத்தித்தான் மெசேஜ் போகிறது, வாடிக்கையாளர் எந்தத் தூரத்தையும் குறிப்பதில்லை என்றால் நடுத்துண்டு இல்லை. அதற்கு ஈடான வேறொன்று இருக்கிறது என்று எதிர்த் தரப்பு வாதாடலாம்தான், ஆனாலும் உங்கள் கை ஓங்கிவிடும். வேறொரு கிளெய்மைச் சார்ந்திராமல் தனித்து நிற்கும் மற்ற கிளெய்ம்களையும் இதேபோல் பிரித்துப் பாருங்கள்.

எல்லாத் துண்டும் பொருந்திவிட்டால், அந்தப் பேட்டன்ட்டின் முன்னுரிமைத் தேதிக்கு (அதற்காக முதன்முதலில் விண்ணப்பித்த நாள்) முன்னால் யாராவது இதையே செய்திருக்கிறார்களா என்று தேடுங்கள். பழைய கையேடு, கட்டுரை, இணைய ஆவணக் காப்பகத்தில் தேதியோடு கிடக்கும் பக்கம், எதுவானாலும் சரி. 2014இல் ஆலிஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வெறும் கருத்தளவிலான யோசனையை எடுத்துக் கம்ப்யூட்டரில் செய்கிறோம் என்று சேர்த்தால் மட்டும் பேட்டன்ட் கிடைக்காது என்று சொன்னதும் உங்களுக்குச் சாதகம்.

அமெரிக்கப் பேட்டன்ட் என்றால் சென்னையில் கேன் போடுகிற உங்கள் வாடிக்கையாளர்களை அது தொடாது. இங்கே நம் சட்டத்தின் 3(கே) பிரிவு, கம்ப்யூட்டர் புரோகிராமுக்கு அது புரோகிராம் என்ற அளவில் பேட்டன்ட் இல்லை என்கிறது. 2004 கடைசியில் அவசரச் சட்டத்தால் அதைத் தளர்த்தப் பார்த்தார்கள், 2005இல் நாடாளுமன்றம் ஏற்கவில்லை. ஆனாலும் தொழில்நுட்ப விளைவைக் காட்டி வாங்கப்பட்ட இந்தியப் பேட்டன்ட்கள் இருக்கின்றன, எனவே இந்தியப் பேட்டன்ட் அலுவலகத்தின் இணையத் தேடலிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இந்தியப் பேட்டன்ட்டைக் காட்டி ஆதாரமில்லாமல் மிரட்டினால், 106ஆம் பிரிவின்படி நீங்களே முந்திக்கொண்டு வழக்குப் போடலாம்.

ஆகவே உங்கள் ஆபத்து நியூஜெர்சியில்தான் இருக்கிறது. அங்கே வழக்கு வந்து நீங்கள் எட்டிப் பார்க்காமல் இருந்தால் ஒருதலையாகத் தீர்ப்பாகிவிடும். அமெரிக்கத் தீர்ப்பை இங்கே நேரடியாக நிறைவேற்ற முடியாது, இங்கே தனியாக வழக்குப் போட வேண்டும். ஆனால் அங்கே உங்களுக்கு வரவேண்டிய பணத்தில் கை வைக்க முயலலாம், ஆப் ஸ்டோரில் புகாரும் கொடுக்கலாம். இன்றைக்கே அந்த மளிகைக் கடையோடு போட்ட ஒப்பந்தத்தை எடுத்து, பேட்டன்ட் தகராறு வந்தால் கடைக்காரரின் நஷ்டத்தை நீங்கள் ஏற்பதாக எங்காவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தால், வெட்டிய கிளெய்ம் தாளையும் ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு, மெயிலில் கொடுத்த கெடு முடிவதற்குள் அமெரிக்கப் பேட்டன்ட் வக்கீல் ஒருவரிடம் ஒரு மணி நேரமாவது பேசிவிடுங்கள்.