வெளிநாட்டில் வாங்கிய உதிரி முத்தை நகைக்கடைக்கு விற்றால் லாபம் வருமா?

கேள்வி: என் தம்பி சீனாவில் ஹாங்சோ பக்கம் வேலை பார்க்கிறான். அங்கே நன்னீர் முத்து கோக்காமல் உதிரியாகவே கிடைக்கிறதாம், ஒரு சரத்துக்கு வேண்டிய முத்து நம் பணத்தில் 800 ரூபாய்தான் என்கிறான். அதே மாதிரி சரத்துக்கு இங்கே நகைக்கடையில் 4,000 ரூபாய் சொல்கிறார்கள். அவன் லீவில் வரும்போது இரண்டு லட்ச ரூபாய்க்கு வாங்கி வரச் சொல்லி, இங்குள்ள கடைகளுக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். சேமிப்புப் பணம்தான். போடலாமா?
- வாசகி, மதுரை

பதில்: போடாதீர்கள். சேமிப்புப் பணம் என்று எழுதியிருப்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

4,000 என்பது கடைக்காரர் உங்களுக்கு விற்கும் விலை. அவர் வாங்கும் விலை என்ன என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது, அதை எந்தக் கடையிலும் எழுதி ஒட்டியிருக்க மாட்டார்கள். உங்கள் தம்பி இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஜூஜி என்று ஓர் ஊர் இருக்கிறது. உலகத்து நன்னீர் முத்து வியாபாரத்துக்கே அந்த வட்டாரம்தான் மையம். ஒரே சிப்பியில் டஜன் கணக்கில் முத்து விளைய வைக்கிறார்கள், அதனால்தான் அந்த விலை. ஹைதராபாத்திலும் மும்பையிலும் இருக்கும் மொத்த வியாபாரிகள் அங்கிருந்து கிலோ கணக்கில் இறக்கி, தரம் பிரித்து, துளை போட்டு, சரமாக்கி ஊர் ஊராக அனுப்புகிறார்கள். உங்கள் ஊர்க் கடைக்கும் சரக்கு அந்த வழியில்தான் வந்திருக்கும். தம்பி சொல்லும் 800 அங்கே சில்லறை விலை. கிலோ கணக்கில் எடுப்பவருக்கு அதைவிடக் குறைவாகத்தான் விழும். அப்புறம் கடைக்காரர் உங்களிடம் ஏன் வாங்க வேண்டும்? அவருடைய வியாபாரி கடனுக்குச் சரக்கு கொடுப்பார், விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்வார், பில் போட்டுக் கொடுப்பார். உங்களால் இதில் எது முடியும்?

சரி, ஒருவர் பார்க்கிறேன் என்று சொன்னார் என்றே வைத்துக்கொள்வோம். பொட்டலத்தைப் பிரித்து வெள்ளைத் துணியில் கொட்டுவார், விரலால் லேசாக உருட்டிவிடுவார். நேராக ஓடுவது உருண்டை, கோணிக்கொண்டு போவது ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். அப்புறம் பளபளப்பு: விளக்கின் உருவம் முத்தின் மேல் கூர்மையாகத் தெரிகிறதா, மங்கலாகக் கலைந்து தெரிகிறதா என்று பார்ப்பார். பிறகு லென்ஸ் வைத்துப் புள்ளி, பள்ளம், கோடு. கடைசியில் கம்மலுக்கு ஜோடி சேர்ப்பார், அளவும் நிறமும் மினுக்கும் மூன்றும் ஒத்துப்போகும் இரண்டு முத்தைக் குவியலுக்குள் தேடுவது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அப்போதுதான் தெரியும். நல்லதாகப் பொறுக்கியதற்கு மட்டும் விலை சொல்வார். பொறுக்கிய பிறகு மிஞ்சுவதை வேறு யாரும் நல்ல விலைக்கு எடுக்க மாட்டார்கள் என்பதால், மொத்தமாக விலை பேசாமல் யாரையும் பொறுக்க விடக் கூடாது. இது புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம்.

சீனாக் கடைக்காரர் பொட்டலத்தில் ‘ஏஏஏ’ என்று எழுதிக் கொடுத்திருப்பார், அதை நம்பி விலை பேச முடியாது. முத்துக்கு உலகம் முழுவதும் ஒத்துக்கொண்ட அப்படி ஒரு தர முத்திரை கிடையாது, ஒவ்வொரு வியாபாரியும் தன் இஷ்டத்துக்கு எழுதுவதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு இதில்தான் அதிகக் கவலை. விற்பதற்காக இரண்டு லட்ச ரூபாய் முத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தால் அது சொந்த உபயோக லக்கேஜ் ஆகாது. வியாபாரச் சரக்கை இறக்குமதி செய்ய ஐஇசி எண் (ஏற்றுமதி, இறக்குமதி செய்பவருக்கு அரசு கொடுக்கும் எண்) வேண்டும், கஸ்டம்ஸில் முறையாக பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதிப் படிவம் போட வேண்டும், சுங்க வரியும் ஐஜிஎஸ்டியும் (இறக்குமதிக்குப் போடும் ஜிஎஸ்டி) கட்ட வேண்டும். சொல்லாமல் கிரீன் சேனல் (வரி கட்ட வேண்டிய பொருள் இல்லாதவர்கள் வெளியேறும் வழி) வழியாக வந்து பிடிபட்டால் சரக்கைப் பறிமுதல் செய்யலாம், அபராதமும் போடலாம், மாட்டுவது உங்கள் தம்பி. வெளிநாட்டு வேலையில் இருக்கிற பையனை அந்த வம்பில் இழுத்துவிடாதீர்கள். முறைப்படியே கொண்டு வந்தாலும் உள்ளே விற்கும்போது முத்துக்கு 3 சதவீதம் ஜிஎஸ்டி இருக்கிறது. வேறு மாநிலத்துக் கடைக்கு விற்பதானால் தொகை சின்னதாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும்.

ஆசை இன்னும் இருக்கிறது என்றால் ஒன்று செய்யுங்கள். தம்பியை உங்களுக்கென்று ஒரே ஒரு சரத்துக்கான முத்து கொண்டு வரச் சொல்லுங்கள். அதை மூன்று, நான்கு கடைகளில் காட்டி, “இது என்ன விலை?” என்று கேட்காமல், “இதை நீங்கள் என்ன விலைக்கு எடுப்பீர்கள், இதே மாதிரி இன்னும் ஐம்பது சரத்துக்கு வேண்டுமா?” என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் தொகை உங்கள் 800-ஐயும் வரியையும் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டாது என்றுதான் நினைக்கிறேன். அந்தச் சரத்தை நீங்களே கோத்துப் போட்டுக்கொள்ளலாம், பணம் வீணாகாது.

கேள்வி: போன வருடம் டூர் போனபோது வாங்கிய கறுப்பு முத்து கொஞ்சம் இருக்கிறது, துளை போட்டது. தாஹிட்டி முத்து என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். விற்பதற்கு முன் வீட்டிலேயே சோதிக்க முடியுமா?
- வாசகர், கோவை

பதில்: ஓரளவு முடியும். முத்தைப் பல்லின் நுனியில் மெதுவாகத் தேய்த்தால் நரநரவென்று இருக்க வேண்டும், வழுவழுப்பாக இருந்தால் பூச்சு போட்ட போலியாக இருக்கலாம். ஆனால் நரநரத்தால் மட்டும் தாஹிட்டி ஆகிவிடாது, சாயம் போட்ட நன்னீர் முத்தும் அப்படித்தான் இருக்கும். துளையை லென்ஸில் பாருங்கள், துளையைச் சுற்றி நிறம் அழுத்தமாகத் தேங்கியிருந்தால் சாயம் என்று சந்தேகப்படுங்கள். தாஹிட்டி முத்துக்கு அந்த நிறம் சிப்பியிலிருந்தே வருவது, ஒவ்வொரு முத்திலும் பச்சை, ஊதா, சாம்பல் என்று சாயல் மாறும். எல்லாமே ஒரே மாதிரி மைக் கறுப்பாக இருக்கிறதென்றால் நான் நம்ப மாட்டேன். வினிகரில் போட்டுப் பார்க்கச் சொல்வார்கள், செய்யாதீர்கள், நல்ல முத்தையும் அது அரித்துவிடும்.

கேள்வி: நான் பஹ்ரைனில் இருக்கிறேன். இங்கே இயற்கை முத்து உதிரியாக விற்கிறார்கள். ஊரில் அதற்கு மதிப்பு உண்டா?
- வாசகர், மனாமா

பதில்: உண்டு. பஸ்ரா முத்து என்ற பெயரில் மும்பையில் அதற்குத் தனி வியாபாரிகளே இருக்கிறார்கள். வளர்ப்பு முத்து, அதாவது மனிதர் சிப்பியில் விளைய வைக்கும் முத்து விற்பதை பஹ்ரைன் தடை செய்திருப்பதும் உங்களுக்கு ஒரு பாதுகாப்புதான். ஆனால் இயற்கையா வளர்ப்பா என்பது கண்ணுக்குத் தெரியாது, எக்ஸ்ரேயில் உள் அடுக்குகளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அங்கேயே டானாட் என்ற முத்துச் சோதனைக்கூடம் இருக்கிறது, சான்றிதழ் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள். சான்றிதழில் இருக்கும் எடையும் அளவும் கையில் இருக்கும் முத்தோடு ஒத்துப்போகிறதா என்று கடையிலேயே நிறுத்துப் பாருங்கள். வாங்குவதற்கு முன் அந்தச் சான்றிதழின் படத்தை மும்பை வியாபாரி ஒருவருக்கு அனுப்பி, என்ன கொடுப்பார் என்று எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இங்கே கொண்டு வரும்போது மேலே சொன்ன கஸ்டம்ஸ் விஷயம் உங்களுக்கும் பொருந்தும்.