தோற்றவுடன் ரிப்போர்ட்

கேள்வி: டோட்டா 2 என்ற ஒன்லைன் குழு விளையாட்டில் தோற்றாலே, என் அணியில் ஆடுறவங்க ஏசி, ரிப்போர்ட் (புகார்) அடிக்கிறாங்க. கரண்ட் போனால் ‘விட்டுட்டு ஓடினவன்’ என்றும் பெயர். என்ன செய்ய? – வாசகர், கல்முனை

பதில்: ஆட்டம் சரிவராதது குற்றமே இல்லை தம்பி, அதற்கு ரிப்போர்ட் அடிப்பதுதான் அநியாயம். ஏச்சு தொடங்கியதும் ஸ்கோர்போர்டைத் திறந்து அவரை மியூட் பண்ணுங்கள். ஒரு வரிகூடத் திருப்பி எழுத வேண்டாம். 2023 முதல் ஒவ்வொரு ஆட்டக்காரரின் நடத்தைக்கும் பேச்சுக்கும் இந்த விளையாட்டில் தனித்தனிப் புள்ளி, உச்சம் 12,000. பதிலுக்கு ஏசினால் உங்கள் பேச்சுப் புள்ளிதான் இறங்கும்.

கரண்ட் விஷயம் வேறு. இணைப்பு அறுந்து 5 நிமிடம் தாண்டினால் கைவிட்டதாகவே பதிவாகும், காரணம் கேட்காது. ரவுட்டருக்குச் சின்ன யூபிஎஸ் ஒன்று பூட்டுங்கள். லப்டொப் என்றால் போன் ஹொட்ஸ்பொட்டை முன்கூட்டியே அதில் இணைத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போன நேரத்தில் பாஸ்வேர்ட் தேடுவதிலேயே இரண்டு நிமிடம் போய்விடும்.