பனிக்கட்டிக்கு அடியில் உருவாகும் நிலம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பாறையைவிடப் பனிக்கட்டி மென்மையானது. அது எப்படிப் பாறையைத் தேய்க்க முடியும்? (கல்லூரி மாணவி, உசிலம்பட்டி)

பனிக்கட்டி தேய்ப்பதில்லை, அதன் அடிப்பரப்பில் பிடிபட்டிருக்கும் கல்லும் மணலுமே தேய்க்கின்றன. அதற்குப் பனியாறு தன் தளத்தின்மீது வழுக்கிச் செல்ல வேண்டும், வழுக்குவதற்கு அடியில் நீர் வேண்டும். மேலுள்ள எடையின் அழுத்தத்தால் உருகுநிலை இறங்குகிறது. 2 கிலோமீட்டர் தடிமனுக்கு ஏறத்தாழ ஒன்றரை டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். மீதியைப் பூமியின் உள்வெப்பமும் உராய்வும் பார்த்துக்கொள்கின்றன. தளத்தோடு உறைந்து ஒட்டிக்கொண்ட பனிக்கட்டி எவ்வளவு பருமனாக இருந்தாலும் பெரிதாக எதையும் செதுக்குவதில்லை. வட ஸ்வீடனில் பனிவிரிப்பு மூடி விலகிய பிறகும் அதற்கு முந்தைய நிலப்பரப்புகள் சில அழியாமல் கிடப்பதற்கு இதுவே காரணம். ஆகவே, அடியில் நீர் இருந்ததா என்பதையே எப்போதும் முதலில் கேளுங்கள்.

கொடைக்கானல் ஏரி பனியாறு குடைந்த ஏரியா? (வத்தலக்குண்டு)

இல்லை. 1863இல் ஓடையை மறித்து மனிதர் அமைத்த ஏரி அது.

யானைமலையின் படத்தை இணைத்துள்ளேன். ஒரு முனை உயர்ந்தும் மறுமுனை சரிந்து நீண்டும் இருப்பதால் இது டிரம்லின்தானே? பாறையில் பனியாற்றுக் கீறல்களும் தெரிகின்றன. (ஒத்தக்கடை)

இந்தக் கேள்வி எனக்குப் புதிதன்று. திருப்பரங்குன்றத்தின் படத்தோடு வரும், சமணர் மலையின் படத்தோடு வரும். இந்த முறை யானைமலை. உருவத்தைப் பார்த்த மாத்திரத்தில் உருவாக்கியது எது என்று தீர்ப்பு எழுதிவிடும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. வெவ்வேறு செயல்கள் ஒரே உருவத்தைத் தரலாம் என்பதைப் பாடம் நடத்துபவர்களே சொல்லித் தருவதில்லை.

டிரம்லின் என்பது பெரும்பாலும் களிமண்ணும் மணலும் கற்களும் தரம்பிரியாமல் கலந்த பனியாற்றுப் படிவால் ஆன மேடு; சிலவற்றின் நடுவில் பாறைக் கரு இருக்கலாம். நீளம் சில நூறு மீட்டர் முதல் ஒரு கிலோமீட்டர்வரை, உயரம் பெரும்பாலும் 50 மீட்டருக்குள். அது தனித்து நிற்பது அரிது. நூற்றுக்கணக்கில் கூட்டமாக, எல்லாம் ஒரே திசையை நோக்கி நிற்கும். யானைமலையோ ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளமுள்ள ஒற்றைப் பாறை.

பாறையாக இருந்தால் என்ன, அதையும் பனியாறு செதுக்கலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். செதுக்கலாம், அப்படிச் செதுக்கிய குன்றுகளுக்கு ரோஷ் மூட்டனே என்று பெயர். ஆனால் அங்கே பனி வந்த பக்கம் தேய்ந்து சரிவாகவும், போன பக்கம் கற்கள் பிடுங்கப்பட்டுச் செங்குத்தாகவும் இருக்கும். டிரம்லினில் இது தலைகீழ்: மழுங்கிய முனை பனி வந்த பக்கத்திலும் வால் போன பக்கத்திலும் அமையும். எனவே ஒரு முனை உயர்ந்து மறுமுனை சரிந்திருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு பனி எந்தத் திசையில் போனது என்பதைக்கூடச் சொல்ல முடியாது. பனியே இருந்தது என்று எப்படிச் சொல்வீர்கள்?

நீங்கள் கீறல் என்று வட்டமிட்டு அனுப்பியவை மழைநீர் வடியும் தடத்தில் படிந்த கறுப்புக் கறைகள். அவை சரிவின் போக்கில் மேலிருந்து கீழே இறங்குகின்றன. பனியாற்றுக் கீறல்கள் சரிவைப் பொருட்படுத்தாமல் பனி நகர்ந்த திசையில் இணையாக ஓடும், விரல் நகத்தில் தட்டுப்படும், பாறையும் பெரும்பாலும் மெருகேறியிருக்கும். யானைமலையின் வழவழப்புக்கு வேறு காரணம் உண்டு. பூமியின் ஆழத்தில் உருவான பாறை, மேலிருந்த சுமை அரிக்கப்பட்டு விலகியதும் விரிந்து, மேற்பரப்புக்கு இணையாக வெடித்து, ஏடு ஏடாக உரிகிறது. 20,000 ஆண்டுகளுக்கு முன் பனிவிரிப்புகள் உச்சத்தில் இருந்தபோது அவை வட அமெரிக்காவின் வடபகுதியையும் வட ஐரோப்பாவையும் மூடின. மதுரைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இந்தியாவிலும் பனியுகம் இருந்தது என்று பாடநூல் சொல்கிறதே? (பெயரும் ஊரும் இல்லை)

எந்தப் பனியுகம் என்று எழுதாமல் கேட்டால் எதை வைத்துப் பதில் சொல்வது? பாடநூல் சொல்வது ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. அப்போது இந்தியா கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டத்தின் பகுதியாகத் தென்துருவத்தை ஒட்டிக் கிடந்தது. ஒடிசாவின் தால்சீரில் உள்ள பெருங்கற் படிவு பனிக்கட்டியின் வேலை என்று 1856ஆம் ஆண்டிலேயே அடையாளம் காணப்பட்டது. சந்திரபூர் அருகே கீறல் விழுந்த பாறைத்தளமும் உண்டு. 30 கோடியையும் 20 ஆயிரத்தையும் ஒரே வரியில் எழுதாதீர்கள்.

எஸ்கர் மேடுகள் சில இடங்களில் மேட்டின்மீது ஏறிச் செல்கின்றன என்று படித்தேன். ஆறு மேல்நோக்கி ஓடுமா? (மேலூர்)

நல்ல கேள்வி. பெரியாறு கால்வாயில் ஓடும் நீர் சரிவை மீறாது, ஏனெனில் அது திறந்த வாய்க்கால். பனிக்கட்டிக்கு அடியில் உள்ள சுரங்கத்திலோ நீர் முழுதாக நிறைந்து அழுத்தத்தில் ஓடுகிறது; அந்த அழுத்தத்தை முக்கியமாக நிர்ணயிப்பது மேலே கிடக்கும் பனியின் தடிமன். கணக்குப் போட்டுப் பார்த்தால், நீரின் திசையைத் தீர்மானிப்பதில் பனிப்பரப்பின் சரிவுக்குத் தளத்தின் சரிவைவிடப் பத்து மடங்குக்கும் சற்றே கூடுதலான செல்வாக்கு உண்டு. பனிப்பரப்பு விளிம்பை நோக்கிச் சரிந்திருந்தால், இடையில் ஒரு குன்று குறுக்கிட்டாலும் நீர் அதன்மீது ஏறியே போகும். சுரங்கத்தில் படிந்த மணலும் சரளையும் பனி உருகிய பின் நீண்ட வரப்பாக எஞ்சுகின்றன; அந்த வரப்பே எஸ்கர். பின்லாந்திலும் கனடாவிலும் இவற்றின்மேல் சாலையே போட்டிருக்கிறார்கள். இங்கும் விடை நீரில்தான் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

பனிக்கு அடியில் நடப்பதை யாரும் பார்த்ததில்லை, எல்லாம் ஊகம்தானே? (தேனி)

இல்லை. நார்வேயின் எங்காபிரேன் பனியாற்றுக்கு அடியில், பாறையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே சென்று, ஏறத்தாழ 200 மீட்டர் பனிக்குக் கீழே வெந்நீரால் குகை உருக்கி, கற்கள் பதிந்த அடிப்பனியை நேரிலேயே பார்க்கிறார்கள். பனி தன் எடையாலேயே அந்தக் குகையை விரைவில் மூடிவிடும். மேற்கு அண்டார்க்டிகாவின் ரட்ஃபோர்டு பனியோடை (பனிவிரிப்புக்குள் சுற்றியுள்ளதைவிட வேகமாக நகரும் பட்டை) நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் நகர்கிறது. அங்கே 1991, 1997, 2004 ஆகிய ஆண்டுகளில் ஒரே கோட்டில் அதிர்வலை அளவீடு செய்தபோது, முதல் இடைவெளியில் படிவு ஆண்டுக்கு ஒரு மீட்டர் வீதம் அரிக்கப்பட்டதும், அடுத்த இடைவெளியில் அங்கேயே டிரம்லின் போன்ற ஒரு மேடு எழுந்ததும் தெரிந்தன. பல்லாயிரம் ஆண்டு வேலை என்று நாம் எண்ணியிருந்தது ஏழே ஆண்டுகளுக்குள் நடந்திருக்கிறது. டிரம்லின் உருவாவது, நீர் ஊறிய படிவு பனியின் இழுப்பில் உருக்குலைந்து குவிவதாலா, இருந்த படிவு அரிக்கப்பட்டு மிச்சம் நிற்பதாலா, இரண்டும் சேர்ந்தா என்ற விவாதம் மட்டும் ஓயவில்லை. பெருவெள்ளமே எல்லா டிரம்லின்களையும் வடித்தது என்ற கருத்தும் உண்டு. அதை ஏற்போர் சிலரே.

உருண்டையான கூழாங்கற்கள் கிடைத்துள்ளன. பனியாறு கொண்டுவந்தவையா? (சிவகங்கை)

உருண்டை நீரின் வேலை. பனியாற்றுக் கல்லில் தட்டையாகத் தேய்ந்த முகங்களும், அவற்றின்மீது கீறல்களும், மழுங்கிய விளிம்புகளும் இருக்கும். அடுத்த முறை கல்லின் படத்தோடு, அதை எந்த இடத்தில், எந்தப் படிவிலிருந்து எடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.