ஹீல்ஸ் வேண்டாம், ஸ்டைல் வேண்டும்: கேள்வி பதில்

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றின் சாம்பிள் ரூமில் வேலையைத் தொடங்கியவள் நான். பெண்கள் ஷூக்களின் அளவும் பொருத்தமும் பார்ப்பதுதான் இன்றைக்கும் என் பிழைப்பு. ஹீல்ஸிலிருந்து ஃபிளாட்ஸுக்கு மாறுவது பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குதி இல்லை என்பதாலேயே ஒரு ஷூ நல்ல ஷூ ஆகிவிடாது.

மதுரை, வங்கி ஊழியர்: அக்கா, பல வருஷமா மூணு இஞ்ச் ஹீல்ஸ்தான் போட்டேன். போன மாசம்தான் ஃபிளாட்ஸுக்கு மாறினேன். கெண்டைக்கால் இழுக்குது, குதிகாலும் வலிக்குது. ஹீல்ஸே தேவலாம் போல இருக்கே?

மாறிய வேகம்தான் காரணம். தினமும் உயரக் குதியில் நின்றால் கெண்டைக்கால் தசை சுருங்கிய நிலையிலேயே பழகிப்போகும். அதைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாணும் விறைத்துப்போகும். பல வருடம் ஹீல்ஸ் போட்ட பெண்களின் கால்களை ஸ்கேன் செய்து 2010இல் வெளியான ஓர் ஆய்வும் இதையே காட்டியது. அப்படிப் பழகிய காலை ஒரே நாளில் தரையோடு வைத்தால் தசை நாள் முழுக்க இழுபட்டுக்கொண்டே இருக்கும்.

கொஞ்சம் கொஞ்சமாக இறங்குங்கள். சில வாரம் இரண்டு இஞ்ச் பிளாக் ஹீல் (அகலமான கட்டைக் குதி), அப்புறம் ஒன்றேகால், அப்புறம் முக்கால் இஞ்ச். அங்கேயே நின்றுவிடலாம். அதற்கும் கீழே சுத்தத் தட்டையாகப் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கூடவே, சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகால் தரையை விட்டு எழாமல் அரை நிமிடம் நில்லுங்கள். அடுத்த காலுக்கும் அதே. காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியிலேயே குதிகால் சுரீரென்று வலித்தால் ஷூ கடைக்கு முன்னால் டாக்டரிடம் போங்கள்.

திருப்பூர், கல்லூரி மாணவி: கடையில எல்லா பெல்லியும் (முன்பக்கம் மூடின தட்டை ஷூ) ஒரே மாதிரிதான் தெரியுது. 500 ரூபாய்க்கும் 2,500 ரூபாய்க்கும் எதை வெச்சு வித்தியாசம் கண்டுபிடிக்கிறது?

விலைச் சீட்டைப் பார்க்காமல் ஷூவைக் கையில் எடுங்கள். ஒரு கையால் குதிப்பக்கத்தையும் இன்னொரு கையால் நுனியையும் பிடித்து மேல்நோக்கி வளையுங்கள். விரல்கள் ஆரம்பிக்கிற இடத்தில் மடிய வேண்டும். நடக்கும்போது பாதம் மடிகிற இடமும் அதுதான். நடுவில் இரண்டாக மடிந்தால் உள்ளே ஷேங்க் இல்லை என்று பெரும்பாலும் முடிவுகட்டலாம். ஷேங்க் என்பது நடுப்பாதத்துக்கு அடியில், சோலுக்குள் ஒளிந்திருக்கும் பட்டை. செலவைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது இதில்தான், வெளியே தெரியாதே! சோல் தடித்த ரப்பராக இருந்தால் ஷேங்க் இல்லாமலும் ஓரளவு சமாளிக்கும். மெல்லிய சோலில் சமாளிக்காது.

அடுத்து, இரு முனைகளையும் எதிரெதிராக முறுக்குங்கள். கொஞ்சம் எதிர்ப்புக் காட்ட வேண்டும். பின்பக்கம் குதிகாலைப் பிடிக்கும் சுவரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். உள்ளே கவுண்டர் என்கிற கெட்டியான தகடு இருந்தால் விறைப்பாக நிற்கும். இல்லாவிட்டால் அப்படியே உள்ளே சரிந்துவிடும். அந்த மாதிரி ஷூ ஒரு மாதத்தில் பின்பக்கம் மிதிபட்டுச் செருப்பாக மாறியிருக்கும்.

கடைசியாகக் காகிதம். கடைக்குப் போவதற்கு முந்தின நாள் மாலை வெறுங்காலில் காகிதத்தின் மேல் நின்று, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். மாலையில் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், அதனால்தான் அந்த நேரம். கடையில் ஷூவின் அடிப்பக்கத்தில் அதை வைத்துப் பாருங்கள். சுண்டுவிரல் பக்கம் காகிதம் நன்றாக வெளியே துருத்தினால் அந்த ஷூவை வைத்துவிடுங்கள். "போடப்போட லூஸாயிடும் மேடம்" என்று விற்பனையாளர் சொல்வார். தோல் அகலத்தில் கொஞ்சம் கொடுக்கும், உண்மைதான். சோல் கொடுக்காது. ரெக்ஸினும் கொடுக்காது.

சேலம்: என் உயரம் நாலு அடி பதினொரு அங்குலம். தங்கச்சி ரிசப்ஷனுக்கு ஃபிளாட்ஸ் போட்டா போட்டோவில் காணாமல் போயிடுவேனோன்னு பயம்.

உயரம் கூடாது, ஆனால் கால் நீளமாகத் தெரிய வைக்கலாம். முனை கூம்பிய ஃபிளாட்ஸ், மேல்பக்கம் தாழ வெட்டியிருப்பது, உங்கள் தோல் நிறத்துக்குப் பக்கத்து நிறம். கணுக்காலைச் சுற்றிப் பட்டை வேண்டாம்; பார்வையை அங்கேயே வெட்டிவிடும். கூம்பு முனை வாங்கினால் கூம்பு உங்கள் விரல்களுக்கு அப்பால் ஆரம்பிக்க வேண்டும். விரல்கள் கூம்புக்குள்ளேயே போய் நெருங்கினால், ஹீல்ஸை விட்டும் பெருவிரல் எலும்பு புடைப்பதை விடமாட்டீர்கள்.

புடவைதான் என்றால், ஃபிளாட்ஸைப் போட்டுக்கொண்டே கட்டுங்கள். ஹீல்ஸுக்குப் பழகிய கை, ஓரத்தைத் தாழ விட்டுவிடும். அப்புறம் மண்டபம் முழுக்கக் கூட்டிப் பெருக்க வேண்டியதுதான்.

ஃபிளாட்ஸ் போட்டால் ஸ்டைல் போய்விடாது. ஹாலிவுட் நடிகை ஆட்ரி ஹெப்பர்னுக்கு 1954இல் இத்தாலிய ஷூ வடிவமைப்பாளர் ஃபெர்ரகாமோ ஒரு ஃபிளாட் ஷூ செய்து கொடுத்தார். பிரெஞ்சு நடிகை பிரிஜித் பார்தோ கேட்டு 1956இல் பாரிஸின் நடன ஷூ கம்பெனியான ரெப்பெத்தோ, நடனக்காரிகளின் ஷூவைத் தெருவில் நடக்கத் தோதாகச் செய்து கொடுத்தது. கடையில் நீங்கள் பார்க்கிற பெல்லிகளில் முக்கால்வாசி அதன் பேத்திகள். ஹெப்பர்ன் உயரமானவர் ஆயிற்றே என்பீர்கள். சரி, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

சென்னை, ஐ.டி.: கிளையன்ட் மீட்டிங் என்றால் ஹீல்ஸ்தான் ஃபார்மல் என்கிறார் மேனேஜர். எழுத்தில் எதுவும் இல்லை.

எழுத்தில் இல்லாததை எழுத்தில் கேளுங்கள், பாதி அங்கேயே அடங்கிவிடும். இந்தச் சண்டை உலகம் முழுக்க நடந்தாயிற்று. லண்டனில் ஹீல்ஸ் போடாமல் வந்ததற்காகத் திருப்பி அனுப்பப்பட்ட வரவேற்பாளர் ஒருவர் 2016இல் தொடங்கிய மனுவில் ஒன்றரை லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவும் பிலிப்பைன்ஸும் 2017இல் இந்தக் கட்டாயத்துக்குத் தடை போட்டன.

உங்களுக்கு என் தேர்வு லோஃபர், அதாவது கயிறு கட்டாமல் காலை நுழைத்துப் போடும் ஷூ. 1936இல் அமெரிக்காவின் பாஸ் கம்பெனி நார்வேக்காரர்களின் ஷூவைப் பார்த்து வீஜன்ஸ் என்று வெளியிட்ட வடிவம் இன்றுவரை பெரிதாக மாறவில்லை. கறுப்பு அல்லது அடர் மரூன், பாலிஷ் போட்டது. பேன்ட் ஓரம் கணுக்காலில் நின்றால் எந்த மீட்டிங்கிலும் யாரும் குனிந்து பார்க்க மாட்டார்கள்.

யாழ்ப்பாணம்: அக்கா, நல்ல விலை குடுத்து வாங்கின ஃபிளாட் சப்பாத்து, பெட்டியிலயே பத்திரமா வைச்சிருந்தனான். ரெண்டு வருசம் கழிச்சுப் போட்டா அடி முழுக்கத் தூளாக் கொட்டுது. ஏமாத்திப்போட்டாங்களோ?

சோல் பி.யூ.வாக (பாலியூரித்தேன் என்கிற ஒரு வகை பிளாஸ்டிக்) இருந்திருக்கும். அதில் பல வகை காற்றின் ஈரத்தை வாங்கி மெல்ல உடைந்துவிடும். கடலோர ஊர்களில் சீக்கிரமே. மூடிய பெட்டியில் சும்மா கிடப்பது அதற்கு ஆகாது. அடிக்கடி போட்டு நடந்தால் கூடுதல் காலம் உழைக்கும். ஆகவே பி.யூ. சோல் என்றால் வாங்கிப் போட்டுவிடுங்கள், விசேஷத்துக்கென்று எடுத்து வைக்காதீர்கள். எடுத்து வைப்பதானால் ரப்பர் அல்லது டி.பி.ஆர். (உருக்கி வார்க்கும் செயற்கை ரப்பர்) சோல் கேட்டு வாங்குங்கள். பொலித்தீனில் சுற்ற வேண்டாம், துணிப்பையே போதும்.

கோவை: ஆன்லைனில் 38 வாங்கினா நீளம் சரியா இருக்கு, அகலம் பிடிக்குது. 39 வாங்கலாமா?

வாங்காதீர்கள். 39 என்றால் நீளம் ஏழு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடும், அகலம் அதில் சிறு பங்குதான். குதிகால் வழுக்கும், மடிகிற இடமும் முன்னால் தள்ளிப்போகும், கழன்றுவிடாமல் விரல்களால் பற்றிக்கொண்டே நடப்பீர்கள். இது உங்கள் கால் மேல் தப்பில்லை. அடையாறில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதத்தை அளந்து, இந்தியர்களின் பாதம் பொதுவாக ஐரோப்பியர்களுடையதைவிட அகலம் என்று கண்டது. அதை வைத்து 'பா' என்கிற தனி அளவுமுறையும் 2024இல் முன்வைக்கப்பட்டது. இப்போதைக்கு 'வைட் ஃபிட்' என்று போட்டிருப்பதைத் தேடுங்கள். எண்ணைப் பார்க்காமல் சென்டிமீட்டர் அட்டவணையைப் பாருங்கள்.

திருச்சி: அம்மாவுக்குச் சர்க்கரை. எம்.சி.ஆர். செருப்பு அழகா இல்லைன்னு போட மாட்டேங்கறாங்க. ஸ்டைலா ஒரு ஃபிளாட் சொல்லுங்க அக்கா.

இதில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன். அம்மாவின் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்று முதலில் டாக்டரிடம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். குறைந்திருந்தால் பெல்லி, கூம்பு முனை, பெருவிரல் வளையம் எதுவும் வேண்டாம். செருப்பு கடித்தாலும் அவருக்குத் தெரியாது, புண்ணான பிறகுதான் தெரியும். எம்.சி.ஆர். என்பது உள்ளே வைக்கும் மெத்தென்ற ரப்பர்தான். அதன் மேல் நல்ல தோலில், அம்மாவுக்குப் பிடித்த நிறத்தில், பின்பட்டையும் வெல்க்ரோவும் வைத்துச் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். நீரிழிவுப் பாதப் பிரிவு உள்ள மருத்துவமனைகளில் கேட்டால் வழி சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் போடுவதற்கு முன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். சின்னக் கல் போதும்.

பெங்களூரு: கோலாப்புரி?

அழகு, எனக்கும் பிடிக்கும். 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, மகாராஷ்டிரத்துக்கும் கர்நாடகத்துக்கும் சேர்த்தே. 2025இல் இத்தாலிய ஃபேஷன் கம்பெனி பிராடா அதே மாதிரி ஒன்றை மிலானில் மேடையேற்றி வாங்கிக் கட்டிக்கொண்டது தெரிந்திருக்கும். அசல் கோலாப்புரியில் மெத்தை கிடையாது, தோல் மேல் தோல். உட்கார்ந்து செய்யும் வேலைக்குச் சரி. நாள் முழுக்க நிற்கும் ஆசிரியைக்கு நான் சொல்ல மாட்டேன். மழையில் போடாதீர்கள்.

வேலூர்: வீட்டில் ஆறு ஜோடி ஹீல்ஸ் கிடக்கு. செருப்பு தைக்கிறவரிடம் கொடுத்துக் குதியை வெட்டி ஃபிளாட் ஆக்க முடியுமா?

முடியாது. ஷூவின் அடி வளைவும் உள்ளே இருக்கும் ஷேங்கும் அந்தக் குதி உயரத்துக்கென்றே வடிவமைத்தவை. குதியை முழுக்க வெட்டினால் முனை ஆகாயத்தைப் பார்க்கும், நீங்கள் பின்னால் சாய்ந்து நடப்பீர்கள். அரை சென்டிமீட்டர், மிஞ்சிப்போனால் ஒரு சென்டிமீட்டர் குறைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். ஊசிக் குதியின் நுனியில் இருக்கும் சின்ன ரப்பர் தேய்ந்திருந்தால் அதை மட்டும் மாற்றிக்கொண்டு, இரண்டு இஞ்சுக்குள் இருப்பவற்றை வைத்துக்கொள்ளுங்கள். மற்றதைக் கேட்பவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள்.