அண்ணனிடம் கேட்காத கேள்வி

கேள்வி: எனக்கு 43 வயது. மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் சிங்கப்பூரில், செங்காங்கில் இருக்கிறேன். போனஸ் வந்திருக்கிறது. ஒரு தனியார் நிலையத்தில் 1,800 வெள்ளிக்கு முழுமையான புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொள்ளலாமா என்று யோசிக்கிறேன். ரத்தத்தில் எட்டு வகைப் புற்றுநோய்க் குறியீடுகள், வயிறு, தைராய்டு ஸ்கேன் எல்லாம் அதில் அடக்கம். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. அண்ணனுக்குத்தான் 46 வயதில் குடலில் ஏதோ ஆபரேஷன் ஆகி, சில மாதம் மலம் சேர வயிற்றில் பை மாட்டியிருந்தார். அவர் மகளுக்கு வரன் பார்ப்பதால் வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை. இவ்வளவு செலவழிப்பது சரியா?

பதில்: தம்பி, போனஸை அப்புறம் பார்ப்போம். ‘குடலில் ஏதோ ஆபரேஷன்.’ கூடப் பிறந்தவர் மாதக்கணக்கில் வயிற்றில் பையோடு நடமாடியிருக்கிறார். உங்களுக்குத் தெரிந்தது அந்த ‘ஏதோ’ மட்டும்தானா? தீபாவளிக்கு அவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்திருப்பீர்கள். என்ன நோய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை மரியாதை என்று நினைத்திருக்கலாம். நான் அதைக் கடமை தவறியது என்றுதான் சொல்வேன்.

அந்தப் பை வேறு காரணங்களுக்காகவும் வைக்கப்படலாம். ஆனால் அது பெருங்குடல் புற்றுநோயாக இருந்திருந்தால் உங்கள் கணக்கே மாறிவிடும். சிங்கப்பூரில் 50 வயதிலிருந்து ஆண்டுதோறும் மலப் பரிசோதனை என்பது சராசரி ஆபத்து உள்ளவர்களுக்கான வழிமுறை. ஒருவரின் பெற்றோருக்கோ கூடப் பிறந்தவருக்கோ 60 வயதுக்குள் இந்த நோய் வந்திருந்தால் அந்த ஒருவர் செய்துகொள்ள வேண்டியது கொலனோஸ்கோப்பி, அதாவது கேமரா பொருத்திய குழாயை ஆசனவாய் வழியே விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை. அதையும் 40 வயதில், அல்லது குடும்பத்தில் மிக இளவயதில் நோய் கண்டவரின் வயதுக்குப் பத்து ஆண்டு முன்னதாக, இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போதே தொடங்க வேண்டும். அண்ணனுக்கு 46 என்றால் உங்களுக்கு 36. ஏழு வருடம் போய்விட்டது.

இப்போது அந்த 1,800 வெள்ளி. ரத்தக் குறியீடுகள் பெரும்பாலும், நோய் இருப்பது தெரிந்தவர்களுக்குச் சிகிச்சை எப்படிப் போகிறது என்று பார்க்க உதவுபவை. அறிகுறி இல்லாதவர்களிடம் நோயைத் தேட மருத்துவர்கள் அவற்றைப் பரிந்துரைப்பதில்லை. குடல் புற்றுநோயோடு சேர்த்துப் பேசப்படும் சிஇஏ என்ற குறியீடு, புகைபிடித்தாலே கூடும். ஆரம்ப நிலைப் புற்றுநோயில் அது இயல்பாகவே இருந்துவிடவும் கூடும். வயிற்று ஸ்கேனில் குடலின் உட்சுவரில் இருக்கும் சின்னக் கட்டி தெரியாது. எல்லாம் ‘நார்மல்’ என்று ஒரு தாள் கையில் வந்தால் நீங்கள் நிம்மதியாகத் தூங்குவீர்கள். எனக்கு அந்தத் தூக்கத்தை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

தைராய்டு ஸ்கேனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தென்கொரியாவில் ஆரோக்கியமானவர்கள் கூட்டங்கூட்டமாக அதை எடுத்துக்கொண்டார்கள். தைராய்டு புற்றுநோய் கண்டுபிடிக்கப்படும் விகிதம் 1993-ஐவிட 2011-ல் 15 மடங்கு ஆனது. அந்த நோயால் இறப்பவர்களின் விகிதமோ குறையவில்லை. தேவையில்லாமல் சுரப்பியை இழந்து, ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் எத்தனையோ பேர்.

கொலனோஸ்கோப்பியில் கட்டியைப் பார்த்த கையோடு எடுத்துவிடலாம். அது புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் பல வருடம் ஆகும் என்பதால் நோய் வருமுன்னே தடுக்க முடிகிறது. காலையில் போய்ப் பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். முதல் நாள் பேதி மருந்து குடிப்பதுதான் சிரமம். மருத்துவச் செலவுக்கான மெடிசேவ் சேமிப்புப் பணத்தையும் பயன்படுத்தலாம். பலதுறை மருந்தகத்திலோ ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் நீங்கள் பதிந்துகொண்ட மருத்துவரிடமோ அண்ணன் கதையைச் சொன்னால் நிபுணரிடம் அனுப்புவார்கள். ஆனால் சொல்வதற்கு முதலில் கதை தெரிந்திருக்க வேண்டுமே!

வரன் விஷயத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. எந்தப் பெண்ணுக்காக மறைக்கிறார்களோ அந்தப் பெண்ணுக்கும் அதே அப்பாதானே? அவளும் 36 வயதில் பரிசோதனையைத் தொடங்க வேண்டியவளாக இருக்கலாம். இது தெரியாமல் அவள் கல்யாணம் முடிந்து போவாள். ரத்தம் போனால் மூலம் என்று நினைத்து வருடக்கணக்கில் களிம்பு தடவிக்கொண்டிருப்பாள். மாப்பிள்ளை வீட்டாரிடம் எப்போது, எவ்வளவு சொல்வது என்பதைப் பெரியவர்கள் உட்கார்ந்து முடிவு செய்யட்டும். பெற்ற மகளிடமே மறைக்க எந்தப் பெரியவருக்கும் உரிமை கிடையாது. சித்தப்பா என்ற முறையில் இதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

இந்த வாரமே அண்ணன் வீட்டுக்குப் போங்கள். போனில் வேண்டாம், மழுப்பிவிடுவார். தம்பியிடம் சொல்லத் தயங்கினால் அண்ணியிடம் கேளுங்கள், மருந்துச் சீட்டெல்லாம் எடுத்து வைத்திருப்பது அவராகத்தான் இருக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு வந்த திசுப் பரிசோதனை ரிப்போர்ட்டின் நகலை வாங்குங்கள். பெற்றோர் வழியில் குடல், கருப்பைப் புற்றுநோய் யாருக்காவது வந்ததா, எந்த வயதில் என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று பேருக்கு வந்திருந்தால் மரபணு ஆலோசனை தேவையா என்று மருத்துவர் சொல்வார். உங்களுக்கே மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது என்று ஏதாவது இருந்தால் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காமல் நாளைக்கே மருத்துவரைப் பாருங்கள். அந்தத் தனியார் நிலையத்துக்கு முன்பணம் கட்டியிருந்தால் திரும்பக் கேளுங்கள்.