இவ்வளவு பெரிய துறைமுகம் இருந்தும் திருகோணமலை ஏன் கொழும்பு போல வளரவில்லை?

கேட்கப்பட்ட கேள்வி இது: “திருகோணமலை உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கிறது. பிறகு ஏன் அது கொழும்பு போலவோ சென்னை போலவோ பெரிய வணிக நகரமாக வளரவில்லை? அது எப்படிப்பட்ட ஊர்?”

நான் இங்கேயே பிறந்து வளர்ந்து இன்றும் இங்கேயே இருப்பவன். ஊரை நாங்கள் திருமலை என்றுதான் சொல்வோம். எனக்குத் தெரிந்தவரை பதில் இதுதான்: இந்தத் துறைமுகத்தைப் பார்த்த எல்லாருக்கும் இதில் போர்க்கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தத்தான் ஆசை வந்தது. வியாபாரத்தைக் கொழும்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எங்களுக்கு மிஞ்சியது குடாவைச் சுற்றி நடந்த சிறு வியாபாரம். அந்தச் சிறு வியாபாரம்தான் இந்த ஊருக்கு அதன் குணத்தைக் கொடுத்தது என்று நம்புகிறேன். அதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாக எழுத ஆசை.

முதலில் தண்ணீர். வரைபடத்தில் பார்த்தால் கிழக்குக் கரையில் கொட்டியாரக் குடா பெரிதாக வாய் திறந்திருக்கும். அதன் வடக்கே மலைகளுக்கு நடுவில் மடிந்து உள்ளே போகிற பகுதிதான் உட்துறைமுகம். ஏறக்குறைய 1,630 ஹெக்டேர் நீர்ப்பரப்பு. தென்கரையில் மூதூர்ப் பக்கமாக மகாவலி கங்கை வந்து கடலில் விழுகிறது. குடாவின் அடியில் ஆழமான ஒரு பள்ளத்தாக்கு இருப்பதால் பெரிய கப்பல்கள் தரை தட்டாமல் உள்ளே வரலாம். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடித்தாலும் வாடை அடித்தாலும் உள்ளே அலை கிடையாது.

இதன் அருமை தெரியவேண்டுமென்றால் அந்தக் காலத்துச் சென்னையை நினைத்துப் பாருங்கள். அங்கே துறைமுகமே கிடையாது. கப்பல் வெளியே கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலாப் படகில் அலையைத் தாண்டிக் கரைக்கு வரவேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் வந்தால் சோழமண்டலக் கரை நெடுகிலும் ஒரு கடற்படைக்கு ஒதுங்க இடமில்லை. வங்காள விரிகுடாவில் சண்டை போட நினைத்த எந்த நாட்டுக்கும் திருமலை தேவைப்பட்டது இதனால்தான். இங்கே விற்கவோ வாங்கவோ என்ன இருக்கிறது என்று அவர்கள் பெரிதாகக் கேட்கவில்லை.

அதற்கு முன்னால் இந்தக் கரை வெறுமையாகக் கிடந்ததாக நினைக்க வேண்டாம். 7ஆம் நூற்றாண்டில் இங்குள்ள கோணேசர் கோயிலை ஞானசம்பந்தர் பாடிய பதிகத்தில் சந்தனமும் அகிலும் மணிகளும் கரையில் வந்து சேர்கின்றன, கடல் முத்தைக் கொழிக்கிறது. “குடிதனை நெருங்கிப் பெருக்கமாய்த் தோன்றும்” ஊர் என்கிறார். கோயில் மட்டும் தனியாக நின்ற இடத்தை யாரும் அப்படிப் பாடமாட்டார்கள். சோழர் பொலன்னறுவையில் இருந்து ஆண்டபோது கடலுக்குப் போகும் வாசல் இந்தப் பக்கம்தான். பெரியகுளத்துக்கு அருகில் ராஜராஜப் பெரும்பள்ளி என்று தமிழ்க் கல்வெட்டுகள் சொல்லும் பௌத்த விகாரை இன்றும் இருக்கிறது. ஊருக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அங்கே போவதில்லை. எனக்கு அது பெரிய வருத்தம்.

பிறகு இது கண்டி அரசின் கடல்வாசல் ஆனது. 1620ல் டென்மார்க்குக் கப்பல்கள் கண்டி அரசனோடு ஒப்பந்தம் தேடி இங்கே வந்தன. கால் ஊன்ற முடியவில்லை. அதே ஆண்டில் தஞ்சை நாயக்கரிடம் தரங்கம்பாடியைப் பெற்று அங்கே கோட்டை கட்டினார்கள். இங்கே காரியம் கைகூடியிருந்தால் இரண்டு ஊர்களின் கதையும் மாறியிருக்கும். 1660ல் புயலில் பாய்மரம் முறிந்த ஓர் ஆங்கிலக் கப்பல் கொட்டியாரக் குடாவுக்குள் வந்தது. அதில் இருந்த ராபர்ட் நொக்ஸ் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டு 19 ஆண்டுகளுக்கு மேல் தீவுக்குள்ளேயே இருந்தார். பாய்மரத்தைச் சரிசெய்யவும் வியாபாரம் பேசவும் ஒரு கப்பல் தானாக ஒதுங்கிய கரை இது என்பதற்காகத்தான் அதை இங்கே சொல்கிறேன்.

கோட்டையின் கதையைச் சுருக்கிவிடுகிறேன். போர்த்துக்கேயர் 1624ல் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லாலேயே கோட்டை கட்டினார்கள். 1639ல் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், பிடித்தார்கள். 1672ல் பிரெஞ்சுக்காரர் வந்து அதே ஆண்டில் விரட்டப்பட்டார்கள். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர் பறித்தார்கள். அடுத்த ஆண்டு உடன்படிக்கையில் திரும்ப ஒல்லாந்தர் கைக்குப் போனது. 1795ல் ஆங்கிலேயர் மறுபடியும் பிடித்து, பிறகு விடவே இல்லை. கோயில் இருந்த பாறையில் மறுபடி கோயில் எழுந்து குடமுழுக்கு நடந்தது 1963ல். எண்ணிப் பார்த்தால் 300 ஆண்டுகளுக்கு மேல்.

இனி உங்கள் கேள்வியின் நடு. ஆங்கிலேயர் இலங்கையில் பணம் பார்த்தது மலைநாட்டுக் கோப்பியில், அப்புறம் தேயிலையில். அதை இறக்கக் கொழும்புக்கும் கண்டிக்கும் 1867ல் ரயில் போட்டார்கள். 1869ல் சுயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பாவில் இருந்து கிழக்கே போகும் கப்பல்கள் தீவின் தெற்கு முனையைச் சுற்றிப் போயின. அந்தப் பாதைக்குக் கொழும்பு பக்கம், நாங்கள் முதுகுப்புறம். கொழும்பில் இயற்கைத் துறைமுகம் இல்லையா, கட்டிக்கொண்டார்கள். 1875ல் அலைதடுப்புச் சுவருக்கு முதல் கல் வைத்து 1885ல் முடித்தார்கள். கல்லைக் கொட்டிக் கடலை அடக்குவது, காட்டுக்குள் தோட்டங்களை உண்டாக்குவதைவிட லேசு. எங்கள் பின்னால் இருந்தது அந்தக் காலத்தில் உடைந்த குளங்களும் காடும் மலேரியாவும்தான். ஏற்றுவதற்குச் சரக்கும் இல்லை, வாங்குவதற்குச் சனமும் இல்லை. துறைமுகம் எவ்வளவு ஆழம் என்பதைவிட அதன் முதுகில் எந்த நாடு இருக்கிறது என்பதுதான் ஓர் ஊரை வணிக நகரமாக்குகிறது.

கடற்படை மட்டும் போகவில்லை. சீனக்குடாக் காட்டுக்குள் ஒவ்வொன்றும் சுமார் 12,000 தொன் கொள்ளும் எண்ணெய்க் குதங்களை, அதாவது எண்ணெய் சேமிக்கும் பெரிய இரும்புத் தொட்டிகளை, வரிசை வரிசையாகக் கட்டினார்கள். 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பான் விமானங்கள் ஊர்மேல் குண்டு போட்டன. ஒரு விமானம் ஒரு குதத்தின்மேலேயே விழுந்து எரிந்தது. உருகிச் சுருண்ட இரும்பு இன்றும் அங்கே கிடக்கிறது. என் அப்பப்பா அப்போது டொக்கியாட்டில், அதாவது கடற்படையின் கப்பல் பட்டறையில், வேலை. ஊரில் பாதிப்பேருக்குச் சம்பளம் அங்கேயிருந்துதான் என்பார். 1957ல் பிரிட்டிஷ் கடற்படை தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது ஊருக்குச் சுதந்திரம் வந்தது, கூடவே வேலையும் போனது என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார். அவருக்கு இரண்டும் உண்மை.

அதற்குப் பிறகு வந்த தொழில்களும் கடற்கரையோடு நின்றுவிட்டன. 1980ல் சீனக்குடாவில் பிரிமா மா ஆலை ஓடத் தொடங்கியது. உலகிலேயே ஒரே இடத்தில் அமைந்த பெரிய கோதுமை மா ஆலைகளில் ஒன்று. இலங்கையில் நீங்கள் சாப்பிடும் பாணில் (ரொட்டியில்) பெரும்பங்கு இங்கே அரைத்த மா. 1980களிலேயே டோக்கியோ சீமெந்தும் வந்தது. வடக்கே புல்மோட்டையில் இல்மனைட் என்ற கனிம மணல். இவை நல்ல காரியங்கள், நம்மூர்ப் பிள்ளைகளுக்கு வேலையும் கிடைத்தது. ஆனால் கோதுமை கப்பலில் வந்து, மாவாகி, ரயிலிலும் லொறியிலும் வெளியே போய்விடும். பிரதான வீதிக் கடைக்காரருக்கு அந்தக் கப்பல் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

சரி, அப்படியானால் பிரதான வீதி எதில் வாழ்ந்தது? மூதூருக்கும் இங்கேயும் ஆளேற்றி ஓடும் மோட்டார் படகில், மூதூர் லோஞ்சில் வாழ்ந்தது. எங்கள் அப்பாவுக்குக் கடைத்தெருவில் ஒரு கடை. வலை, நைலோன் கயிறு, தூண்டில் முள், மண்ணெண்ணெய் விளக்கு, மண்வெட்டிப் பிடி, எல்லாம் இருக்கும். காலையில் உட்துறைமுக ஜெட்டியில் மூதூர் லோஞ்ச் வந்து கட்டினால் சிறிது நேரத்தில் கடை நிறைந்துவிடும். விறகு, நெல், கோழி, தயிர்ச்சட்டி என்று கொண்டுவந்ததை விற்றுவிட்டு, வேண்டியதை வாங்கிக்கொண்டு அடுத்த லோஞ்சுக்கு ஓடுவார்கள். பாதிப்பேர் காசு கொடுக்கமாட்டார்கள். “வெள்ளாமை வெட்டினதும் தாறன் முதலாளி” என்பார்கள். அப்பா கொப்பியில் எழுதிக்கொள்வார். வெள்ளாமை வெட்டியதும் தந்தார்கள். மழை பிழைத்த வருடம் அடுத்த போகத்தில் தந்தார்கள்.

தயிர் கொண்டுவரும் காக்கா ஒருவர் கடைக்குப் பின்னால் வீட்டுக்கும் வருவார். முஸ்லிம் பெரியவர்களை நாங்கள் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். எருமைத் தயிர், மண்சட்டியில், வாயைத் தாளால் கட்டியிருக்கும். “காக்கா, போன கிழமை தயிர் தண்ணியாக் கிடந்தது” என்பார் அம்மா. “மழைக்குப் புல்லெல்லாம் தண்ணி, தங்கச்சி. இதைப் பாருங்க” என்று தாளை அவிழ்த்துச் சட்டியை அப்படியே பக்கவாட்டில் சாய்ப்பார். தயிர் ஓரம்விடாமல் சட்டியோடு ஒட்டி நிற்கும். அம்மா பேசாமல் உள்ளே போய்ப் பாத்திரம் எடுத்துவருவார். விலையைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. அது எப்போதோ முடிவான விலை.

தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் இங்கே ஒருவரை ஒருவர் அறிந்தது இப்படித்தான், மேடைப் பேச்சில் அல்ல. மூதூருக்குத் தரைவழியே போவதென்றால் கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என்று ஒவ்வொரு துறையிலும் பஸ்ஸைப் பாதையில் ஏற்றவேண்டும். பாதை என்றால் இங்கே ஆளையும் வாகனத்தையும் அக்கரை சேர்க்கும் மிதவை. கிண்ணியாப் பாலம் 2009 அக்டோபரில்தான் திறந்தது. 396 மீட்டர். அன்றிலிருந்து லோஞ்சில் கூட்டம் குறைந்தது. கிண்ணியாக்காரருக்குத் திருமலை பக்கமானது, கிண்ணியாவிலேயே பெரிய கடைகளும் வந்தன. பிரதான வீதி அதில் கொஞ்சம் இழந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகப் பாதைக்குக் காத்து நின்றவர்களுக்கு அந்தப் பாலம் எவ்வளவு என்பதை நினைத்தால், அந்த இழப்பைப் பேசவே கூடாது என்று தோன்றும்.

யுத்தம் இந்தச் சிறு வியாபாரத்தைத்தான் முதலில் அடித்தது. கடலுக்குப் போகப் பாஸ், போகும் நேரத்துக்குக் கட்டுப்பாடு, சில பகுதிகளுக்குப் போகவே தடை. திருக்கடலூரில் விடியற்காலை மீன் ஏலம் நடக்கும் கரையில் வெறும் தோணிகள் கவிழ்ந்து கிடந்த நாட்களை நான் பார்த்திருக்கிறேன். 2006 ஜனவரி 2ஆம் தேதி மாலை, காந்தி சிலைக்கு அருகில் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். காற்று வாங்கப் போன பிள்ளைகள். அதே ஆண்டில் குடாவின் மறுகரையில் சம்பூர் மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். அவர்கள் காணி உயர் பாதுகாப்பு வலயமானது. அனல்மின் நிலையம் வரும் என்றார்கள். அந்தத் திட்டம் 2016ல் கைவிடப்பட்டது. காணி திரும்பக் கிடைக்கத் தொடங்கியது 2015ல். அந்த ஒன்பது ஆண்டுகளுக்குள் அவர்கள் வயலில் எத்தனை வெள்ளாமை விளைந்திருக்கும்!

“இனி வளருமா?” என்று அடுத்துக் கேட்பீர்கள். 2022 ஜனவரியில் 99 எண்ணெய்க் குதங்களுக்கு ஓர் ஒப்பந்தம் ஆனது: 14 இந்திய நிறுவனத்துக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த நிறுவனத்துக்கு. சம்பூரில் நிலக்கரிக்குப் பதில் சூரிய மின்சாரம் என்கிறார்கள். நான் இவற்றுக்கு எதிரி இல்லை. ஆனால் இந்தப் பேச்சில் மூதூரில் வெள்ளாமை செய்பவரும் நிலாவெளியில் வெங்காயம் போடுபவரும் சல்லியில் கரைவலை இழுப்பவரும் எங்கே வருகிறார்கள் என்று தேடிப்பார்க்கிறேன், காணவில்லை. மீனைப் பதப்படுத்தி அனுப்ப நல்ல குளிர் அறைகள், குடாவைச் சுற்றி ஒழுங்கான படகுச் சேவை, வெங்காயத்தை விலை ஏறும்வரை வைத்திருக்கக் களஞ்சியம், இவை வந்தால் ஊர் தன் வழியில் வளரும். கொழும்பு போல ஆகவேண்டிய தேவை எங்களுக்கு இல்லை. இந்தக் குடாவுக்கு ஒரு நல்ல சந்தை நகரமாக இருந்தால் போதும், அதுவே பெரிய காரியம்.

நேரில் பார்க்க வருவதென்றால் சித்திரைக்கும் ஆவணிக்கும் இடையில் வாருங்கள். அப்போது கிழக்குக் கடல் அமைதி. கோணேசருக்குப் போக கோட்டை வாசல் வழியாகத்தான் போகவேண்டும். உள்ளே இன்றும் இராணுவம் இருக்கிறது, புள்ளிமான்களும் இருக்கின்றன. வாசலிலேயே இரட்டைக் கயல் பொறித்த கல் ஒன்று சுவரில் பதிந்திருக்கிறது, அவசரத்தில் தாண்டிப் போய்விடாதீர்கள். பகல் முழுவதும் இருந்தால் மூதூருக்கு லோஞ்ச் ஓடுகிறதா என்று ஜெட்டியில் கேளுங்கள். ஓடினால் போகும்போது அதில் போய், திரும்பும்போது கிண்ணியாப் பாலம் வழியாக பஸ்ஸில் வாருங்கள்.